மாப்பிள்ளை வராத டிசம்பரில் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

"சம்பளமும் வரல, ஆளும் வரல. கர்த்தர் கேக்காரா இல்லையான்னே தெரியல. இப்படி யோசிக்கதே பாவமாண்ணே?" என்று நேற்று போனில் கேட்டாய். நம் மாப்பிள்ளை மாதிரி வளைகுடாவில் ஆள் மாட்டிக்கொண்ட வீடுகள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பாவம் இல்லை. கிறிஸ்மஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலமான அட்வெந்தின் மூன்றாம் ஞாயிறுக்கு ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தகம் வைத்திருக்கும் சுவிசேஷப் பகுதியே இந்தக் கேள்விதான். மத்தேயு சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். யோவான் ஸ்நானன் சிறையில் இருக்கிறார். ஏரோது ராஜாவைத் தட்டிக் கேட்டதற்காகப் போட்ட சிறை. சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேரஸ் என்ற மலைக்கோட்டை என்று சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். யோர்தான் கரையில் நின்று, இவர்தான் தேவ ஆட்டுக்குட்டி என்று இயேசுவைக் கைகாட்டிய அதே ஆள், இப்போது தன் சீஷரை அவரிடம் அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக்காத்திருக்கவேண்டுமா?"

இயேசு கோபப்படவில்லை. குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் பிரசங்கிக்கப்படுகிறது என்று போய்ச் சொல்லுங்கள் என்கிறார். எல்லாம் ஏசாயா தீர்க்கதரிசி சொன்னவைதான். ஆனால் ஏசாயா 61-இல் "சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை" என்றும் இருக்கிறது. நாசரேத்து ஜெபஆலயத்தில் இயேசு அதையும் சேர்த்தே வாசித்தார். யோவானுக்கு அனுப்பிய பதிலில் மட்டும் அது இல்லை. கம்பிக்குப் பின்னால் இருந்தவர் அதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்? "என்னிடத்தில் இடறலடையாதிருக்கிறவன் எவனோ அவன் பாக்கியவான்" என்ற வரி அதற்கு அடுத்துதான் வருகிறது. அந்த வரி எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. யோவான் வெளியே வரவேயில்லை, அது உனக்கும் தெரியும்.

அதனால் கிறிஸ்மஸுக்குள் மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அப்படித் தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்லிக் காணிக்கை வாங்குகிறவர்களிடம் நீயும் போகாதே. ஆனால் ஒன்றைப் பார். யோவான் தன் சந்தேகத்தை ஏரோதிடமோ காவல்காரனிடமோ புலம்பவில்லை, இயேசுவிடமே அனுப்பினார். சீஷர்கள் திரும்பிப் போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவரைவிடப் பெரியவர் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார். கேள்வி கேட்டவரைப் பற்றி, கேட்ட அன்றைக்கே! நீ ராத்திரி பாயில் உட்கார்ந்து, "இருக்கீரா ஆண்டவரே?" என்று கேட்டு அழுததாகச் சொன்னாயே, அதை நான் ஜெபம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், எம்பசிக்கு எழுதினால் விசுவாசக் குறைவு என்று யாரோ சொன்னார்களாமே. சொன்னவர் வீட்டு ஆள் அங்கே மாட்டியிருந்தால் தெரியும். யோவானே இரண்டு பேரை அனுப்பித்தானே கேட்டார். வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற புகார் இணையதளத்தில் புகாரைப் பதிந்துவிடுவோம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரு மனு கொடுப்போம். அதற்கு மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகல், வேலை ஒப்பந்தம், கடைசியாகச் சம்பளம் ஏறிய பேங்க் விவரம் மூன்றும் வேண்டும். இன்று ராத்திரி அவர் போன் பண்ணும்போது கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கமும் வேண்டும், கையெழுத்துப் போட்ட பக்கம் மட்டும் போதாது.

அன்புடன்,
அண்ணன்