ஆபரேஷன் தியேட்டர் ஸ்டாஃப் கவனத்துக்கு: மாப் (ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் துணி) கவுன்ட்

புதிதாகச் சேர்ந்தவர்களின் திறன் சரிபார்ப்பு ஷீட்டில், கவுன்ட் பகுதிக்கு நேரில் நின்று பார்த்த பிறகே சீனியர்கள் கையெழுத்துப் போடவும். கேள்வி கேட்டு டிக் அடித்தால் செல்லாது.

பார்க்க வேண்டியது: ஸ்க்ரப் நர்ஸும் (சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்) சர்க்குலேட்டிங் நர்ஸும் (வெளியே நின்று பொருள் எடுத்துத் தருபவர்) சேர்ந்து, வாய்விட்டு, மாப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுகிறார்களா? கட்டோடு தூக்கி "அஞ்சு" என்பது எண்ணிக்கை ஆகாது. ஒட்டிக்கொண்ட ஆறாவது அப்படித்தான் உள்ளே போகும். ஒரு கட்டுக்குள் 5-க்குப் பதில் 4 அல்லது 6 மாப் இருந்தால் முழுக் கட்டையும் கவரில் போட்டு, எழுதி ஒதுக்கவும். எக்ஸ்ரேயில் தெரியும் நூலும், மாப்பின் நாடாவும் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவும். மாப்பை வெட்டவே கூடாது.

எண்ணும் நேரம்: கீறலுக்கு முன், வயிற்றை மூடும் முன், தோல் தையலின்போது. சிசேரியனில் கர்ப்பப்பை மூடும் முன்னும் உண்டு. நடுவில் ஆள் மாறினால் மறுபடி முழு கவுன்ட். டீக்கு மாற்றிவிடும் ஐந்து நிமிடத்தில்தான் இதை எல்லோரும் விடுகிறார்கள்.

கணக்கு இடித்தால் உடனே சர்ஜனிடம் சத்தமாகச் சொல்லவும், மூடுவது நிற்க வேண்டும். காயம், டிரேப் (நோயாளி மேல் போர்த்தும் துணி) மடிப்பு, பக்கெட், தரை, அழுக்குத் துணி, செருப்பு அடி எல்லாம் தேடவும். கிடைக்காவிட்டால் நோயாளி டேபிளில் இருக்கும்போதே எக்ஸ்ரே. தையல் ஊசி 10 மி.மீ.க்குக் குறைவென்றால் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். அதனால் பயன்படுத்திய ஊசி உடனுக்குடன் ஊசிப் பெட்டிக்குத் திரும்பட்டும்.