குதிக்கும் நாள், தூக்கும் நாள்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. "வாரத்துக்கு ஆறு நாள் விடாமல் உடற்பயிற்சி செய்கிறேன் அம்மா, ஆனால் ரெண்டு மாசமா அதே எட்டு கிலோ டம்பெல்லிலேயே நிற்கிறேன்" என்றாய். அப்புறம் போகிற போக்கில், படி இறங்கும்போது முழங்கால் சிப்பிக்குக் கீழே வலிக்கிறது என்றும் சொன்னாய். முதலாவதை வருத்தமாகச் சொன்னாய், இரண்டாவதை ஒன்றுமே இல்லாததுபோல் சொன்னாய். எனக்கு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத்தான் படுகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வீடியோவைப் போட்டுக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் குதிக்கிறாய். வேர்வை காய்வதற்குள் டம்பெல்லை எடுத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்துத் தாழ்ந்து எழுவது), தோளுக்கு மேல் தூக்குவது என்று ஒரே மூச்சில் முடிக்கிறாய். மறுநாளும் அதே. உன் உழைப்பில் நான் என்ன குறை சொல்ல முடியும்? ஆனால் இப்படி அடுக்கி வைத்திருப்பதில், ஒன்றின் பலனை இன்னொன்று தின்றுவிடுகிறது.

ராபர்ட் ஹிக்சன் என்ற உடலியல் ஆய்வாளர் 1980-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். ஒரு குழு வாரத்துக்கு 5 நாள் கால்களுக்கு எடைப்பயிற்சி மட்டும் செய்தது. இன்னொரு குழு 6 நாள் ஓட்டமும் சைக்கிளும் மட்டும். மூன்றாவது குழு இரண்டையும் முழுதாகச் செய்தது. மொத்தம் 10 வாரம். இரண்டையும் செய்தவர்களுக்கு முதல் ஏழு வாரம் வலு ஏறிக்கொண்டேதான் வந்தது. அப்புறம் நின்றது. ஒன்பதாவது, பத்தாவது வாரங்களில் இறங்கவும் ஆரம்பித்தது. எடை மட்டும் தூக்கியவர்களுக்குக் கடைசி வரை ஏறியது. மூச்சுத்திறனைப் பொறுத்தவரை, ஓடியவர்களுக்கும் இரண்டையும் செய்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே முன்னேற்றம்தான். அடி வாங்கியது வலுவுதான். நீ "ரெண்டு மாசம்" என்று சொன்னதும் எனக்கு அந்த ஏழு வாரம்தான் நினைவுக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு கார்டியோவையே, அதாவது மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியையே, விட்டுவிடாதே. அந்தக் குழு செய்தது மிகப் பெரிய அளவு. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், அளவோடு செய்தால் தசை வளர்வதும் வலு ஏறுவதும் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்கிறார்கள். சட்டென்று எம்பிக் குதிக்கிற வேகவலுதான் கொஞ்சம் குறைகிறது, அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்யும்போது. ஆக, இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதி இல்லை. எவ்வளவு, எது முன்னால், நடுவில் எத்தனை நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. அப்போது எனக்கு 51 வயது. உன்னைப்போலவே நானும், முதலில் நன்றாகக் களைத்துவிட்டால்தான் பயிற்சி செய்த திருப்தி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் இருபது நிமிடம் குதித்துவிட்டு, தொடை நடுங்க நடுங்க இரண்டு கையிலும் டம்பெல்லோடு லஞ்ச் செய்தேன். மூன்றாவது முறை இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. எடை அன்று அதிகமே இல்லை, வழக்கமாகத் தூக்குவதுதான். களைத்த கால் நேராக நிற்க மறந்துவிட்டது, அவ்வளவுதான். ஐந்து வாரம் நொண்டினேன். உனக்குச் சொல்லவில்லை, உனக்கு அப்போது தேர்வு.

அதனால் முதல் மாற்றம் இது: ஒரே வேளையில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் எடையை முதலில் தூக்கு. கால் புதிதாக இருக்கும்போது பாரம், அது முடிந்த பிறகு மூச்சு வாங்குவது. காலையும் மாலையுமாகப் பிரிக்க முடிந்தால் நடுவில் ஆறு மணி நேரமாவது விடு. வேறு வேறு நாளில் வைத்தால் எல்லாவற்றையும்விட நல்லது.

இரண்டாவது, உன் எடைப்பயிற்சியைப் பற்றி. டம்பெல்லை இருபது நொடி இடைவெளியில் மாற்றி மாற்றித் தூக்குகிறாய். அப்படிச் செய்தால் தசை தோற்பதற்கு முன்னால் மூச்சு தோற்றுவிடும். கையில் டம்பெல் இருக்கிறதே தவிர, அதுவும் கார்டியோதான். இதைத்தான் நீ கவனிக்காமல் விட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஒரு செட், அதாவது இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்று, முடிந்தால் இரண்டு நிமிடம் சும்மா நில். ஸ்குவாட் மாதிரி பெரிய பயிற்சி என்றால் மூன்று நிமிடம்கூட நிற்கலாம். சோம்பேறித்தனம் மாதிரி தோன்றும், பரவாயில்லை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்கிற நிலையில் செட்டை நிறுத்து. அடுத்த வாரம் அதே எடையை ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்க முடிந்தால், அடுத்த சின்ன எடைக்குப் போ. கனமான டம்பெல் இல்லையென்றால் இறங்குவதை மெதுவாக்கு, மூன்று நொடி எண்ணி இறங்கு, அல்லது ஒற்றைக்காலில் செய். எட்டு கிலோவே பத்துபோல் கனக்கும்.

அடுத்தது குதிப்பது. 1996-ல் வெளியான ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாட்டாவின் ஆய்வு உனக்குத் தெரிந்திருக்கும், உன் வீடியோக்களில் பாதி அவர் பெயரில்தானே ஓடுகிறது. 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு. அவர் அதைச் செய்யவைத்தது சைக்கிளில். ஏழெட்டு சுற்றுக்கு மேல் ஒருவராலும் மிதிக்க முடியாத அளவுக்குக் கடினமாக வைத்தார். அதாவது நான்கு நிமிடத்தில் கதை முடிந்தது. நாற்பத்தைந்து நிமிடம் உன்னால் செய்ய முடிகிறது என்றால் அது அந்தத் தீவிரம் இல்லை கண்ணு, இருக்கவும் முடியாது. நடுத்தரமான ஒன்றை தினமும் நீட்டிக்கொண்டு போகிறாய். மூச்சுக்கு அது உச்சம் இல்லை, முழங்காலுக்கோ ஓய்வே இல்லை. வார்ம்-அப்பையும் கடைசியில் உடம்பை மெல்ல ஆறவிடுவதையும் சேர்த்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடு. அந்த நடுப்பகுதியில் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியக் கூடாது. வாரத்துக்கு இரண்டு தடவை அப்படிச் செய்தால் போதும்.

வலி இருக்கிறவரை குதிக்கவே வேண்டாம். மூச்சு வாங்குவதற்குக் குதித்தே ஆக வேண்டும் என்று இல்லை. கையை ஓங்கி வீசி வேகமாக இடத்திலேயே நடக்கலாம், தாழ்ந்த படியில் ஏறி இறங்கலாம், பர்ப்பியில் (குனிந்து கையை ஊன்றி, காலைப் பின்னால் தள்ளி, திரும்ப எழுகிற பயிற்சி) குதிப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு காலாகப் பின்னால் வைக்கலாம். பர்ப்பி என்று சொன்னதும் ஒன்று நினைவு வருகிறது. 1930-களில் ராயல் பர்ப்பி என்பவர் அதை உடல்தகுதியைச் சோதிக்கும் சின்னப் பரீட்சையாகத்தான் உருவாக்கினார். நான்கே முறை செய்யவைத்து, முன்னும் பின்னும் நாடியைப் பார்ப்பார். நீ ஒரே காலையில் அறுபது செய்கிறாய். வலி போன பிறகு மறுபடி குதிக்கும்போது சத்தத்தைக் கவனி. பாதம் தரையில் தொப்பென்று விழுந்தால், உன் தொடை வாங்க வேண்டிய அதிர்ச்சியை மூட்டு வாங்குகிறது என்று அர்த்தம். ஓய்வெடுத்தும் இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. தள்ளிப்போடாதே.

உனக்காக நான் நினைத்திருக்கும் வாரம் இப்படி: திங்கள், புதன், வெள்ளி எடை. செவ்வாயும் சனியும் அந்த இருபது நிமிடம். வியாழக்கிழமை நடை மட்டும். ஞாயிறு ஒன்றும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் தீவிரப் பயிற்சி, அல்லது 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது இரண்டும் கலந்து. அத்துடன் தசைக்கு வாரம் இரண்டு நாளாவது. வேகமாக நடக்கிற நேரத்தையும் சேர்த்தால் அதை எட்டிவிடுவாய். இப்போது நீ குதிப்பது மட்டுமே 270 நிமிடம். அதற்கு மேல் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வலுவும் ஏற வேண்டும் என்கிறவள், உடம்புக்கு அதைக் கட்டிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். தசை வளர்வது தூக்கும்போது இல்லை, அதற்குப் பிறகு நீ ஓய்வெடுக்கும்போதும் தூங்கும்போதும்தான். ஏழு மணி நேரமாவது தூங்கு. சாப்பாட்டில் உன் உடல் எடைக்கு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் இருக்கட்டும்.

இதை அம்மாவாகக் கேட்கிறேன், வெட்கப்படாமல் பதில் சொல். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? நிறைய உழைத்து, அதற்கு ஈடாகச் சாப்பிடாத பெண்களுக்கு அது தள்ளிப்போகும், நின்றும் போகும். அப்படியே விட்டால் எலும்பு பலவீனமாகும். அது கட்டுப்பாடான வாழ்க்கைக்குக் கிடைக்கும் பரிசு இல்லை, உடம்பு உதவி கேட்கிறது. மூன்று மாதம் வராவிட்டால் காத்திருக்காதே, டாக்டரைப் பார். கடும் பயிற்சிக்குப் பிறகு தசை தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கருப்புத் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலும் அப்படித்தான்.

காலையில் எழுந்ததும், கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுது. பத்து நாளில் உன் வழக்கமான எண் தெரிந்துவிடும். ஒருநாள் அது ஏழெட்டு துடிப்பு கூடியிருந்து, உடம்பும் கனமாக இருந்தால், அன்று நடந்தால் போதும். அதே நோட்டில் அன்று தூக்கிய எடையையும் எத்தனை முறை என்பதையும் எழுது. வேர்வையை எழுத வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். முதலில் முழங்காலைக் கேட்பேன், அப்புறம்தான் எட்டு கிலோவை.

அன்புடன்,
அம்மா