எட்டு மாதம் தங்குகிறவரை விருந்தாளி என்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில், பினாங்கின் தெலுக் ஆயர் தாவார் கடற்கரைக்கு வலசை வரும் பறவைகளின் படம் போட்டிருந்தீர்கள். பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பட்டர்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்த பலருக்குக்கூட, இங்கிருந்து குவாலா மூடா வரை இப்படி ஒரு சேற்றுக்கரை நீண்டு கிடப்பது தெரியாது. ஆனால் படத்துக்குக் கீழே 'குளிர்கால விருந்தாளிகள்' என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டு சொல்லும் எனக்கு உறுத்தின. அதனால்தான் எழுதுகிறேன்.

குளிர்காலம் அவற்றின் ஊரில்தான். இங்கே, தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிற வெயிலில் அவை சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. சரி, அது சின்ன விஷயம். விருந்தாளி என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒன்பது வருடமாக அந்தக் கரைக்குப் போய் வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் முதல் கூட்டம் இறங்கிவிடும். ஏப்ரல் பாதி வரை ஏதாவது ஒரு கூட்டம் இருக்கும். ஏறக்குறைய எட்டு மாதம். சைபீரியாப் பக்கம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதற்கு அவை செலவிடுவது இரண்டு மூன்று மாதம்தான், மிச்ச நாள் வழியில் போகிறது. பெரிய வகைகளில் குஞ்சாக வந்தவை மறு வருடம் வடக்கே திரும்புவதுகூட இல்லை. ஜூன், ஜூலையிலும் இங்கேயே மேயும். பிறந்த இடம் ஒன்று, ஆயுசில் பெரும்பகுதி கழிகிற இடம் வேறு. ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். பால்மரம் வெட்டி, இந்த மண்ணிலேயே கண்ணை மூடினார். அவரை யாராவது விருந்தாளி என்றால் எனக்குக் கோபம் வரும்.

அந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்தது, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்டு கீழே வளைந்த மூக்குள்ள பறவை. மலாய்க்காரர்கள் 'புரோங் கெண்டி' என்பார்கள். கெண்டி நமக்கும் தெரிந்த சொல்தான், மூக்கு வைத்த செம்பு. தமிழ்ப் பறவைப் புத்தகங்களில் கோட்டான் என்று போட்டிருக்கும், ஆனால் அதைக் கேட்டால் நம்மவர்கள் ஆந்தையைத்தான் நினைப்பார்கள். நான் கெண்டி என்றே சொல்கிறேன். அதற்கு அடுத்து நார்ட்மன் பச்சைக்காலி. உலகத்திலேயே 2,000 அளவில்தான் மிச்சம் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அதில் சில நம் கரைக்கும் வருகின்றன. அப்புறம் பட்டைவால் மூக்கன். 2022-இல் இந்த இனத்தைச் சேர்ந்த ஐந்து மாதக் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டர், 11 நாள், எங்கும் இறங்காமல் பறந்தது. கூட்டிப்போக அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை. இப்படிப்பட்ட பல வகைகளில் வளர்ந்த பறவைகள் முதலில் கிளம்பிவிடும், குஞ்சுகள் பிறகு தாமாக வழி கண்டுபிடித்து வரும்.

கடற்கரைக்குப் போக முடியாதவர்கள் தாங்கள் குடியிருக்கும் தாமானிலேயே பார்க்கலாம். செப்டம்பரிலிருந்து வேலிக் கம்பியில் தனியாக உட்கார்ந்து கரகரவென்று கத்துகிற பழுப்புக் கீச்சான், பொழுது சாயும்போது மின்கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான், பள்ளித் திடலில் நாலடி ஓடி நாலடி நிற்கிற பொன்னிற உப்புக்கொத்தி. எல்லாம் அதே தூரத்திலிருந்து வந்தவைதான்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது. நீர் வற்றியிருக்கும் நேரத்தில்தான் இவற்றுக்குச் சாப்பாடு, புழுவும் நண்டும் சிப்பியும். நீர் ஏறிச் சேறு மூடிவிட்டால் மேடான மணல்திட்டிலோ பழைய இறால் குளத்து வரப்பிலோ நெருக்கிக்கொண்டு நிற்கும். பலவும் ஒற்றைக்காலில், மூக்கை இறகுக்குள் செருகிக்கொண்டு. படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது வசதியான நேரம், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். போன நவம்பரில் ஒரு குழு வந்து டிரோன் விட்டது. கூட்டம் முழுவதும் எழும்பிச் சுற்றி இறங்கியது. மறுபடி விட்டார்கள். பிறகு ஒரு பையன் காணொளிக்காகக் கூட்டத்துக்குள் ஓடினான். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை எழுப்பிவிட்டார்கள். போய்ச் சொன்னேன். "பறவை என்றால் பறக்கத்தானே செய்யும், அங்கிள்" என்றான் அந்தப் பையன். கெட்ட பிள்ளை இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது. வடக்கே கிளம்புவதற்கு முன் சில வகைகள் தம் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும். வழியில் இறங்கலாம் என்றால், அந்த இடங்களும் குறைந்துகொண்டே வருகின்றன. தென்கொரியாவின் சேமாங்கும் கரையில் 33 கிலோமீட்டர் சுவர் எழுப்பி 2006-இல் கடலை அடைத்தார்கள். அங்கே இறங்கிய 'பெரிய உள்ளான்' என்ற வகைப் பறவைகளில் பல பத்தாயிரம் காணாமல் போயின. இவ்வளவு தூரம் பறக்கிற பறவைக்கு நம் கரையில் வேண்டியது இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம். அதைக்கூட விடமாட்டோமா?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இந்தப் பறவைகளின் படம் போடும்போது, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கிட்டப் போகாதீர்கள், டிரோன் விடாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987 முதல் நடப்பது. அதைப் பற்றியும் எழுதினால் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள்.

கரைச் சாலையில் நின்றபடியே சாதாரண பைனாகுலரில் நன்றாகத் தெரியும், சேற்றில் இறங்க வேண்டியதே இல்லை. என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. எந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வந்தாலும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
வாசகர், பட்டர்வொர்த்