துளைக்கருவிகளோடு ஓர் ஆண்டு: இசை கேட்போர் சங்கச் செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவில் கூடியிருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேறிய தீர்மானத்தின்படி, இவ்வாண்டின் மாதாந்திர அமர்வுகளைச் செக் இசையமைப்பாளர்கள் துளைக்கருவிகளுக்கென எழுதிய அறையிசைக்கே, அதாவது சிலர் மட்டும் கூடி வாசிக்கும் சிறு குழு இசைக்கே, ஒதுக்கினோம். ஓராண்டு முழுவதும் ஒரே நாட்டின் ஒரே வகை இசையைக் கேட்டால் உறுப்பினர் வருகை குறைந்துவிடாதா என்று அன்று சிலர் எழுப்பிய ஐயத்தில் நியாயம் இருந்தது. ஆயினும், மாளிகை ஏவலாட்கள் எசமானரின் விருந்து மேசைக்கு அருகே நின்று ஊதிய இசை, நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பதை இடையறாமல் கேட்டறிய வேறு வழி இல்லை. தீர்மானம் சரியானதே என்பது என் கருத்து.

தொடக்க அமர்வுகள் ‘ஹார்மோனி’ என்ற குழுவைப் பற்றியவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செக் நிலப்பகுதிகளான பொஹீமியாவிலும் மொராவியாவிலும் வசதி படைத்த பிரபுக்கள் பலர் இத்தகைய குழுவை வைத்திருந்தார்கள். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் ஆகியவற்றில் இரண்டிரண்டாக எட்டுக் கருவிகள் என்பது அதன் நிலைபெற்ற அமைப்பு. 1787இல் பிராகா நகரில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’ இசைநாடகத்தில், நாயகன் உணவருந்தும்போது மேடையிலேயே ஒரு துளைக்கருவிக் குழு வாசிக்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்த பிராகா மக்களுக்கு அது அன்றாட வழக்கமே. பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1782இல் வியன்னாவில் தம் சொந்த ஹார்மோனியை நிறுவியபோது, அதற்காகப் புகழ்பெற்ற இசைநாடகங்களை எட்டுக் கருவிகளுக்கு மாற்றியமைத்துத் தந்த யான் வென்ட் என்ற ஓபோக் கலைஞரும் பொஹீமியாவில் பிறந்தவரே.

இவ்வகையில் உறுப்பினர்களின் மனத்தைக் கவர்ந்தவர் ஃபிரான்டிஷெக் கிராமார்ஷ். மொராவியாவின் கமெனிட்செ என்ற ஊரில் 1759இல் பிறந்த இவரை வியன்னா குரோமர் என்ற பெயரால் அறிந்திருந்தது. இவருடைய எட்டுக் கருவிப் படைப்புகளில் ஹார்ன்கள் ஒத்து ஊதுவதோடு நின்றுவிடுவதில்லை. வேண்டிய இடத்தில் முன்வந்து தாமே பாடுகின்றன. வால்வு இல்லாத அந்தக் காலத்து ஹார்னில் இயல்பாகக் கிடைக்காத சுரங்களை, அதன் வாயகன்ற முனைக்குள் கையைச் செலுத்தி உண்டாக்கினார்கள் என்பதை அறிந்த பிறகு கேட்டால் அந்த இடங்களின் அருமை புரியும். அக்கலையில் பேர்பெற்ற யான் வாட்ஸ்லாவ் ஸ்டிக், 1746இல் ஷெஹுஷிட்செ என்ற ஊரில், ஒரு பிரபுவின் பண்ணையில் பிறந்தவர். பிரபுவின் செலவில் ஹார்ன் கற்று, பின்னர் அவருடைய பணியிலிருந்து தப்பியோடி, தன் பெயரையே இத்தாலிய மொழியில் பெயர்த்து ஜொவான்னி புன்டோ ஆனார். 1800இல் பேத்தோவன் தம் ஹார்ன் சொனாட்டாவை எழுதியது இவருக்காகத்தான். பண்ணையாளின் மகன் ஒருவருக்கு அந்தக் காலத்தில் விடுதலைக்கான வழி ஊதுகருவியின் துளையினூடே அமைந்தது என்பதைப் பற்றி அன்றைய அமர்வில் நெடுநேரம் பேசினோம்.

அடுத்து அன்டோனின் ரைக்கா. 1770இல் பிராகாவில் பிறந்து, இளமையில் பான் நகர அரசவை இசைக்குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர். அதே குழுவில் வயோலா வாசித்தவர் இளம் பேத்தோவன். பின்னாளில் பாரிசில் குடியேறி, புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என்ற ஐந்து கருவிகளுக்காக 24 ஐங்கருவிப் படைப்புகளை எழுதினார். நான்கு நரம்புக்கருவிகள் சேர்ந்தால் ஒரே குடும்பத்துக் குரல்களாக இழையும். இந்த ஐந்தோ மூச்சு, நாணல், உலோகம் என வெவ்வேறு பிறப்புடையவை. அவற்றைக் கலக்கவிட்டுக் கரைக்காமல், ஒவ்வொன்றும் தன் குரலோடு உரையாட வழி செய்தது ரைக்காவின் சாதனை. எனினும் 24ஐயும் கேட்பதாக இட்ட திட்டத்தை நிறைவேற்றவில்லை. சில பகுதிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன என்ற உறுப்பினர்களின் குறை எனக்கும் உடன்பாடானதே. படைப்பு எண் (ஓபஸ்) 88 என்ற தொகுப்பின் இரண்டாம் படைப்பை மட்டும் இருமுறை கேட்டோம்.

இடையே கருவிகளை அறிமுகம் செய்யும் அமர்வு ஒன்றும் நடைபெற்றது. நாகசுரம் பயின்ற உறுப்பினர் ஒருவர் தம் சீவாளியைக் காட்டி, ஓபோவும் பசூனும் அதைப் போலவே இரட்டை நாணல் தகடுகளின் அதிர்வால் ஒலிப்பவை என்று விளக்கினார். அதன் பின்னர் ஓபோவின் குரல் நமக்கு அயலாகப் படவில்லை.

த்வோர்ஷாக்கின் டி மைனர் செரினேடு என்ற பல பகுதி இசைப்படைப்பு 1878 ஜனவரியில் இரண்டு வாரங்களில் எழுதப்பட்டது. துளைக்கருவிகளோடு ஒரு செல்லோவும் ஒரு டபுள் பாசும் சேரும் இப்படைப்பு அறையிசைதானா என்ற விவாதம் எழுந்தது. மாளிகைத் தோட்டத்து ஹார்மோனியின் நினைவை அணிவகுப்பு நடை இசையோடு (அணிநடை) மீட்டு, இரண்டாம் பகுதியில் செக் கிராம நடனங்களைக் கொண்டுவரும் படைப்பை நம் வரிசையிலிருந்து விலக்க முடியாது என்று முடிவு செய்தோம்.

இவ்வாண்டின் உச்சம் என்று நான் கருதுவது லெயோஷ் யானாச்செக்கின் ‘ம்லாடி’. இளமை என்பது அச்சொல்லின் பொருள். 1924 ஜூலையில் எழுபது வயது நிறைந்தவர், அதே மாதத்தில் தாம் பிறந்த ஹுக்வால்டியில் இருந்து எழுதியது. ரைக்காவின் ஐந்து கருவிகளோடு பாஸ் கிளாரினெட்டையும் சேர்த்து அடித்தளத்தை ஆழப்படுத்தியிருக்கிறார். மக்கள் பேசும்போது குரல் ஏறி இறங்கும் போக்கைச் சுரங்களாகக் குறித்து வைப்பது அவருடைய வாழ்நாள் பழக்கம். அதனால் இங்கே சொற்கள் இல்லாமலேயே ஒவ்வொரு சிறு தொடரும் யாரோ சொல்லும் வாக்கியமாக ஒலிக்கிறது. பதினொரு வயதில் பிர்னோ நகரத்து அகுஸ்தினார் மடத்தில் பாடகச் சிறுவனாக அவர் சேர்க்கப்பட்டார். மறு ஆண்டே தந்தை இறந்தார். அந்தக் கோடையில் பிரஷ்யப் படை நகரத்தைப் பிடித்தது. நீலச் சீருடை அணிந்த மடத்துச் சிறுவர்களுக்கு நீலக்குருவிகள் என்று பெயர். அவர்களுடைய அணிநடையாக அவர் எழுதிய சிறு படைப்பே ‘ம்லாடி’யின் மூன்றாம் பகுதியில் பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழலின் கூர்த்த ஒலியோடு திரும்ப வருகிறது. முதல் முறை கேட்டபோது விளையாட்டாகத் தோன்றிய அந்தப் பகுதி, இந்த வரலாற்றை அறிந்து மறுமுறை கேட்டபோது முற்றிலும் வேறாகத் தோன்றியது. அன்று அமர்வு முடிந்தும் எவரும் எழுந்து செல்லவில்லை.

யானாச்செக்கின் மாணவர் பாவெல் ஹாஸ் 1929இல் எழுதிய ஐங்கருவிப் படைப்பையும், கிடியோன் கிளைன் 1939–40இல் எழுதிய டிவெர்ட்டிமென்டோ (பொழுதுபோக்கு இசை) என்ற எட்டுக்கருவிப் படைப்பையும் ஒரே அமர்வில் கேட்டோம். நாஜி ஆட்சியில் யூதர் என்பதால் பொது மேடை மறுக்கப்பட்டு, புனைபெயரில் பியானோ வாசிக்க வேண்டியிருந்த இருபது வயது இளைஞர் கிளைன். அவர் தேர்ந்தெடுத்தது, ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் இரண்டிரண்டாக அமைந்த அந்தப் பழைய ஹார்மோனியைத்தான். விருந்தை மகிழ்விக்கப் பிறந்த அமைப்பு, வாழ்வு மறுக்கப்பட்டவரின் குரலை ஏற்றது. இருவரும் 1941 டிசம்பரில் டெரெசீன் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹாஸ் 1944 அக்டோபரில் ஆஷ்விட்சிலும், கிளைன் 1945 ஜனவரியில் மற்றொரு முகாமிலும் மாண்டார்கள். அமர்வின் முடிவில் உறுப்பினர் ஒருவரின் வேண்டுகோளின்படி கிராமார்ஷின் எட்டுக்கருவிப் படைப்பு ஒன்றை மீண்டும் ஒலிக்கச் செய்தோம்.

நிறைவேறாமல் போன பணி ஒன்று உண்டு. மார்ட்டினூ 1959இல், தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், செக் நோனெட் என்ற ஒன்பது பேர் குழுவுக்காக எழுதிய ஒன்பது கருவிப் படைப்புக்கான இசைத்தட்டை, முன்பணம் பெற்ற விற்பனையாளர் ஆண்டு இறுதிவரை அனுப்பவில்லை. பணத்தைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதியுள்ளேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

வரும் ஆண்டின் முதல் அமர்வில் மார்ட்டினூவைக் கேட்கவும், இரண்டாம் அமர்வில் ‘ம்லாடி’யை இசைக்குறிப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டு மற்றொரு முறை கேட்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்விரண்டுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.