செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எட்டு மலைநடைகள் திட்டமிட்டோம், ஆறுதான் நடந்தன. மே மாதத்தை வெயில் கெடுத்தது, அக்டோபரை மழை. யானைமலை, கீழக்குயில்குடி, திருப்பரங்குன்றம் எல்லாம் நமக்குப் பழகிய தடம், அவற்றை விட்டுவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிக்காரர்கள் அப்போது தலைகுனிந்து பயனில்லை, அவருக்கு எல்லோரையும் தெரியும்.

பிப்ரவரியில் மேலூர்ப் பக்கம் ஒரு கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக்குப் போனதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அனுமதிக்காக மூன்று மாதம் அலைந்தேன். “குவாரியில பாக்க என்ன சார் இருக்கு?” என்று கேட்டார்கள். நம்மிலும் சிலர் அதையேதான் கேட்டார்கள்.

நிற்கிற மலையில் நாம் பார்ப்பது வெயிலும் மழையும் கறுக்கவைத்த தோல் மட்டுமே. குவாரியில் சதையே தெரிகிறது. வெள்ளைச் சுவரில் கறுப்புப் பட்டைகள் பிசைந்த மாவுபோல நெளிந்து ஓடுகின்றன. கறுப்பாக இருப்பது காக்காப்பொன் (மைக்கா), வெள்ளையாக இருப்பது வெங்கச்சாங்கல்லும் (குவார்ட்ஸ்) ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் என்று விளக்கினார் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரான நம் உறுப்பினர். இடையிடையே மிளகளவில் சிவப்புப் புள்ளிகள், அவை கார்னெட். நகைக்கடைக் கோமேதகமும் அதே குடும்பம்தான் என்றதும் இரண்டு பேர் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். வியாபாரத்தில் இப்படிப்பட்ட வெள்ளைக் கல்லுக்குக் ‘காஷ்மீர் ஒயிட்’ என்று பெயர். காஷ்மீருக்கும் மேலூருக்கும் என்ன சம்பந்தமோ!

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்துப் பாறைகள் பூமிக்கடியில் 25 கிலோமீட்டருக்கும் கீழே கிடந்தன. சில இடங்களில் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியது; பாறை வெந்து, ஓரளவு உருகி, நெளிந்தது. மேலே இருந்ததெல்லாம் கரைந்துபோன பிறகுதான் வெளிச்சம் பார்த்தது. பாரம் நீங்கியதும் பாறை விரிந்து, வெங்காயச் சருகுபோலத் தகடு தகடாக உரியும். குவாரியின் மேல்விளிம்பில் அதையும் கண்டோம்.

உடன் வந்த ஊர்ப் பெரியவர் முன்பு கல்லுடைத்தவர். “வாட்டம் பாத்து ஆப்பு எறக்குனா தானா பொளக்கும் சார்” என்றார். வாட்டம் என்றால் கல் எளிதாகப் பிளக்கும் திசை. ஆசிரியர் அரைமணி நேரம் சொன்னதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஒரு கூச்சத்தையும் பதிவு செய்கிறேன். மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அதன் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று கையெழுத்துத் திரட்டியவர்கள் நாம். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானபோது மிட்டாய் கொடுத்தோம். அடுத்த மாதமே வெட்டிய மலைக்குள் நின்று பாடம் கேட்டோம். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஆனால் குழியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, கரை செங்குத்தாக இறங்குகிறது, வேலி இல்லை, பையன்கள் குதிக்கிறார்கள். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய களிமண் குழி 2001-இல் ‘ஈடன் புராஜெக்ட்’ என்ற தோட்டமாகத் திறக்கப்பட்டது. நமக்கு அவ்வளவு வேண்டாம். வேலி, படிக்கட்டு, நிழலுக்கு நாலு புங்கமரம், பாறையைப் பற்றித் தமிழில் ஒரு பலகை போதும்.

மனு கொடுத்திருக்கிறோம்; பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் மேசையில் இருக்கிறது. தேநீருக்கு முன் எல்லோரும் கையெழுத்திடவும்.