அப்பாவின் கேள்விக்குப் பதில்

கிராண்ட் ரேப்பிட்ஸ், மிச்சிகன்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஸ்தோத்திரம்.

நான் சுகம். குளிர் இல்லை என்று அம்மாவிடம் பொய் சொல்ல மாட்டேன். மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து காற்று அடிக்க ஆரம்பித்தால் பனி விடாமல் கொட்டுகிறது. ஆனால் அறை கதகதப்பாக இருக்கிறது, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. சேப்பலில் பாடும்போது மட்டும் நம் சபை ஞாபகம் வந்துவிடும்.

அப்பா, "போலீஸ் படிப்புக்கு இவ்வளவு கடன் வாங்கி அமெரிக்கா போகணுமா?" என்று கேட்டீர்கள். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. உட்கார்ந்து எழுதினால் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

கூடப் படிக்கிறவர்களில் பலர் போலீஸாக வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழி இல்லை, அதற்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். இது வெறும் போலீஸ் படிப்பு இல்லை, குற்றவியல் நீதி என்று போலீஸ், கோர்ட், ஜெயில் மூன்றையும் சேர்த்துப் படிக்கிறோம். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், அதிலும் பல துறைகளையும் சேர்த்துப் படிக்கவைக்கும் லிபரல் ஆர்ட்ஸ் முறை என்பதால் வேதபாடம், தத்துவம், வரலாறு, புள்ளியியல் எதையும் விட முடியாது. உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இங்கே மாவட்டப் போலீஸ் தலைவர் மாதிரியான ஷெரிஃபையும் அரசு வக்கீலையும் 4 ஆண்டுக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

என்னை இந்தப் படிப்போடு கட்டிப்போட்டது ஒரு பழைய கேஸ். 1974இல் கனடாவில் எல்மைரா என்ற சின்ன ஊரில் இரண்டு பையன்கள் குடித்துவிட்டு ஒரே ராத்திரியில் 22 இடங்களில் வீடு, கார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் நாசம் பண்ணிவிட்டார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அலுவலர், மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர், இவர்களை நேராகப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே கூட்டிப்போனால் என்ன என்று கேட்டார். நீதிபதியும் சம்மதித்தார். பையன்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, செய்ததை ஒப்புக்கொண்டு, நஷ்டத்தையும் கட்டினார்கள். ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ், அதாவது சீரமைப்பு நீதி என்று இன்று பல நாடுகளில் நடப்பதன் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேஸிலிருந்துதான் சொல்லப்படுகிறது. வகுப்பில் இதைக் கேட்டபோது, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்ன வரி வசூலிப்பவன் சகேயுதான் எனக்கு நினைவுக்கு வந்தான். ஞாயிறு பள்ளியில் சகேயு மரத்தில் ஏறினதைப் பாடினோம், பணத்தைத் திருப்பிக் கொடுத்ததை யாரும் பெரிதாகச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் ஒருநாள் கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, அதன் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வீடு புகுந்து திருடின ஒரு பையனுக்குத் தண்டனை சொல்லும் நாள். நீதிபதி தண்டனையைச் சொல்வதற்கு முன்னால் பொருளைப் பறிகொடுத்த வீட்டுக்கார அம்மாவைப் பேசக் கூப்பிட்டார். எழுபது வயதிருக்கும், கையில் நாலாக மடித்த தாள். டிவி, பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ராத்திரியில் எழுந்து எழுந்து அடுப்படிக் கதவைப் பூட்டியிருக்கிறோமா என்று பார்ப்பதைச் சொன்னார். இறந்துபோன கணவரின் கைக்கடிகாரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். பையன் நிமிரவே இல்லை. அவனுடைய வக்கீல் குனிந்து காதில் ஏதோ கேட்டார், பிறகு எழுந்து ஒரு அடகுக்கடையின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தண்டனை.

அந்த அம்மா பேசியது நீதிபதி காட்டிய தயவு இல்லை அப்பா, அது அவருடைய உரிமை. இந்தப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர் வில்லியம் வான் ரீகன்மோர்ட்டர் முன்னின்று கொண்டுவந்த 1985ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1988இல் அந்த உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

இங்கே எல்லாம் நல்லது என்று எழுதமாட்டேன். 1846லேயே கொலைக்குத் தூக்கு வேண்டாம் என்று சட்டம் போட்ட மாநிலம் இது. ஆனால் ஆயுள் தண்டனை என்றால் பலருக்கு ஜெயிலிலேயே சாவுதான், பரோலில் முன்கூட்டியே விடுதலை கிடையாது. அப்படிப்பட்டவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் ஐயோனியா ஊரிலுள்ள ஹேண்ட்லன் சிறையில் கால்வின் பல்கலைக்கழகம் 2015 முதல் பட்டப்படிப்பு நடத்துகிறது. வெளியே வரவே முடியாதவனுக்குப் பட்டம் எதற்கு என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். உள்ளே இருப்பதும் வாழ்க்கைதானே என்பதுதான் என் பதில்.

ஊருக்குத் திரும்பி, பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நிற்கிற இந்த வேலையைத்தான் செய்யப்போகிறேன். பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர 357-ஏ என்று நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஒரு பிரிவு வந்தது, புதுச் சட்டத்தில் அது 396. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம் என்பதே நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஏட்டாக இருந்தபோது பாளையங்கோட்டை ஜெயிலுக்கு எத்தனையோ பேரைக் கொண்டுபோய் விட்டிருப்பீர்கள். புகார் கொடுத்தவரிடம் பிறகு யாராவது போய், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டதுண்டா? உங்களுக்கு ஞாபகம் இருக்கிற கேஸ்களை, ஆள் பெயர் இல்லாமல், விவரமாக எழுதி அனுப்புங்கள். செமஸ்டர் கட்டுரையை நம் ஊரை வைத்துத்தான் எழுதப்போகிறேன். கை வலித்தால் நீங்கள் சொல்லச் சொல்லத் தம்பி எழுதட்டும்.

அம்மா, மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். பாட்டிக்கு என் முத்தம்.

அன்புடன்,
உங்கள் மகள்