முக்கோணத்துக்குள் போன அடிகள்

மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள் மற்றும் சென்னை மண்டல அலுவலகத்தார் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்துத் திரையரங்குகளில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். படம் தொடங்குமுன் சில வினாடிகள் திரையில் நிற்கும் தங்கள் சான்றிதழை, மக்கள் இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆபரேட்டர் அறையின் சிறு ஜன்னல் வழியே ஒவ்வொரு காட்சிக்கும் படித்திருக்கிறேன். அதன் கீழ் மூலையில் ஒரு சிறு முக்கோணம் இருந்தால் அந்தப் படம் வெட்டுகளுடன் அனுமதி பெற்றது என்று பொருள். படப்பெட்டியோடு வரும் சான்றிதழ் நகலின் இரண்டாம் பகுதியில், எத்தனையாவது ரீல், எந்தக் காட்சி அல்லது வசனம், எத்தனை அடி என்ற விவரம் இருக்கும். தொண்ணூறு அடி ஃபிலிம் ஒரு நிமிடம் ஓடும். ஆகவே அடிக்கணக்கைப் பார்த்தால் எவ்வளவு நேரம் போயிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த விவரங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு நாள் இரவுக் காட்சியில், கதாநாயகி பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் அறுந்து அடுத்த காட்சி வந்துவிட்டது. ஆபரேட்டர் ரீலை வெட்டிவிட்டான் என்று கீழே ஒரே கூச்சல். கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காகப் பாட்டை வெட்டிய ஆபரேட்டர்கள் எங்கள் தொழிலில் இருந்தார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று வெட்டியது நான் இல்லை. காட்சி முடிந்து பெட்டியில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் பதினேழு அடி எடுக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. பதினொரு வினாடிப் பேச்சு. அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

தணிக்கையே கூடாது என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அப்படிக் கேட்பவர்களின் வாதங்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து வாய் பிளந்து பார்த்த சிறுவர்களை நினைத்தால், என்னால் அந்த வாதங்களோடு முழுவதும் போக முடிவதில்லை. திரையிடுமுன் தணிக்கை செய்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் சொல்லிவிட்டது. நான் கேட்பது வேறு. வெட்டிய பகுதியை அழியாமல் வையுங்கள். ஏன் வெட்டினீர்கள் என்பதை எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதி வையுங்கள்.

தடை ஒரு காலத்தோடு முடிந்துவிடக்கூடியது. அழிவுக்கு அப்படி முடிவு கிடையாது. சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் அஸ்கோல்தவ் 1967இல் எடுத்த 'கமிஸார்' படம் அதைத் தெளிவாகக் காட்டுகிறது. உள்நாட்டுப் போரின்போது ஏழை யூதக் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கிப் பிள்ளை பெறும் செஞ்சேனை அதிகாரி ஒருத்தியின் கதை அது. படம் முடக்கப்பட்டது, பிரதியே அழிக்கப்பட்டுவிட்டதாக இயக்குநரிடம் சொன்னார்கள், அவர் அதன்பின் வேறு கதைப்படம் எடுக்கவே இல்லை. ஆனால் ஒரு பிரதி எங்கோ பிழைத்திருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து 1987இல் மாஸ்கோவில் அது திரையிடப்பட்டது. மறு ஆண்டு பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது பெற்றது. தடுத்த அரசு இன்று இல்லை, படம் இருக்கிறது. பிரிட்டனில் பிபிசி தானே தயாரித்த 'தி வார் கேம்' என்ற படத்தை, அணுகுண்டு விழுந்தால் ஒரு நகரத்து மக்களுக்கு என்ன ஆகும் என்பதைத் தாங்க முடியாத அளவுக்குக் காட்டுகிறது என்று கருதி 1965இல் ஒளிபரப்பாமல் நிறுத்திக்கொண்டது. திரையரங்குகளில் காட்டப்பட்டு ஆஸ்கர் விருதும் பெற்ற அந்தப் படம் தொலைக்காட்சிக்கு வர 1985 ஆயிற்று. அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளும் அது பத்திரமாக இருந்ததால்தான் ஒளிபரப்ப முடிந்தது.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அரசியலைப் பகடி செய்த 'கிஸ்ஸா குர்ஸி கா' என்ற இந்திப் படம் 1975இல் சான்றிதழுக்கு வந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அதன் நெகட்டிவும் பிரதிகளும் அழிக்கப்பட்டன. அதன் இயக்குநர் அம்ரித் நாஹட்டா அதை 1978இல் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. முதலில் எடுத்த படம் எப்படி இருந்தது என்பதை இனி எந்த நீதிமன்றமும், எந்த ஆய்வாளரும், அதை எதிர்த்தவர்களே கூடப் பார்க்க முடியாது. இதற்கு நேர் எதிரான கதை நம் தமிழிலேயே இருக்கிறது. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த 'தியாகபூமி'யை வெள்ளைக்கார அரசு தடை செய்தது. அதன் பிரதி புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பிழைத்திருப்பதால், அந்த அரசு எதைக் கண்டு பயந்தது என்பதை இன்றைய மாணவன் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறது.

முழுப் படைப்பு கையில் இருந்தால்தான் நியாயமும் கிடைக்கும். பிரிவினைக் காலக் கலவரங்களைப் பற்றிய 'தமஸ்' தொடரைத் தூர்தர்ஷன் 1988இல் ஒளிபரப்பியபோது, அதை நிறுத்தக் கோரி வழக்குத் தொடுத்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தொடரைத் தாங்களே பார்த்துவிட்டு ஒளிபரப்பலாம் என்றார்கள். உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை. இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்துக்குத் தங்கள் வாரியத்தின் ஒரு குழு சான்றிதழ் மறுத்தது. பின்னர் பார்த்த குழு பெரும்பான்மை முடிவால் 'யு' சான்றிதழ் பரிந்துரைத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. ஒரே படத்தை, ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இத்தனை விதமாக முடிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் வழக்கு மன்றம் வரை போகாத சிறு படங்களில், சிறு தயாரிப்பாளர் வெளியீட்டுத் தேதிக்குப் பயந்து தலையாட்டிவிட்டுப் போன வெட்டுகளில், எத்தனை தவறாக இருந்திருக்கும்? அவற்றைத் திரும்பிப் பார்க்க வழி இருக்கிறதா?

ஃபிலிம் காலத்தில் ஓரளவு இருந்தது. வெட்டிய பகுதிகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டு விதிகள் சொல்லின. இப்போது படம் ஒரு கோப்பாக வருகிறது. கணினியில் இரண்டு நிமிடத்தில் காட்சியை நீக்கி, புதிய கோப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஒரு துண்டு கூட மிஞ்சுவதில்லை. என் போன்ற ஆபரேட்டருக்குப் பெட்டியும் வருவதில்லை, தாளும் வருவதில்லை. தொலைக்காட்சியின் நிலை இன்னும் கவலை தருகிறது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் தொலைக்காட்சிக்குப் போக வேண்டுமானால் மேலும் வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். திரையரங்கில் அந்தப் படத்தைப் பார்க்காத தலைமுறைக்கு, அந்தக் குறைந்த பிரதிதான் படம் என்றே நிலைத்துவிடுகிறது. படங்களைக் காட்டும் இணையத் தளங்கள் தங்கள் அதிகாரத்துக்கு வெளியே இருப்பவை என்பதை அறிவேன். எனினும் தங்கள் சான்றிதழோடு திரையரங்குகளில் ஓடிய 'அன்னபூரணி', 2024 ஜனவரியில் எதிர்ப்புக்குப் பின் இணையத் தளத்திலிருந்து எடுக்கப்பட்டபோது, வட்டில் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் ஒழிந்துவிட்ட இக்காலத்தில், ஒரு படம் எவ்வளவு எளிதாகக் கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பது எனக்கு உறைத்தது.

சேலத்துக்காரன் ஏன் இதற்கு இவ்வளவு வருந்துகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் எங்கள் ஊரில்தான் இருந்தது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' 1938இல் அந்த நிறுவனம் தயாரித்ததே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமும் அதனுடையதுதான். ஏற்காடு சாலையில் இன்று எஞ்சி நிற்பது அதன் நுழைவு வளைவு மட்டும். அங்கே உருவான படங்களில் பல இப்போது பார்க்கக் கிடைப்பதில்லை. கிடைப்பவற்றிலும், ஒரு காட்சி துள்ளினால் அது தேய்ந்த பிரதியின் குறையா, தணிக்கையின் கத்தியா, என் முன்னோரான ஏதோ ஓர் ஆபரேட்டரின் கைவேலையா என்று சொல்ல ஆளில்லை. ஓர் ஊரின் உழைப்பு இப்படிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். சான்றிதழுக்கு வரும் ஒவ்வொரு படத்தின் வெட்டுக்கு முந்தைய முழுக் கோப்பையும் பெற்று, புனே காப்பகத்தில் பூட்டி வையுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். எந்தக் காட்சி எந்தக் காரணத்தால் நீக்கப்பட்டது என்பதை, தமிழ்ப் படமானால் தமிழிலேயே, யாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்; பிரிட்டனின் வாரியம் தான் வகைப்படுத்தும் படங்களுக்குக் காரணக் குறிப்பைத் தன் இணையதளத்தில் வெளியிட்டுத்தான் வருகிறது. குழுவில் ஒருவர் மாறுபட்டிருந்தால் அவர் கருத்தையும் சேர்த்துப் பதியுங்கள். 'கண்ணியக் குறைவு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடாதீர்கள். ஒரு பெண் பேசிய பதினொரு வினாடிக்கு அதைவிட நீளமான விளக்கம் தர வேண்டியது தங்கள் கடமை.

என் நோட்டின் நகலை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். படத்தின் பெயர், சான்றிதழ் எண், ரீல், அடி ஆகியவை வரிசையாக உள்ளன. வலது ஓரத்தில் ஒரு பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்தத் துண்டுகளில் எவை இன்னும் தங்கள் வசமோ புனேயிலோ இருக்கின்றன என்பதை அந்தப் பத்தியில் குறித்துத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற திரையரங்க ஆபரேட்டர்,
அஸ்தம்பட்டி, சேலம்